குழிக்காரி

எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு பொண்டாட்டி. ஒருத்தி நான், வைதேகி. இன்னொருத்தி எங்க வீட்டு பாம் ஷெல்ட்டருக்குள்ள நிக்கிறா. விளையாட்டுக்குத்தான் இப்படிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். தேக்கா மார்க்கெட்டுல மீன் வெட்டுறவர்கிட்டகூட சொல்லிச் சிரிச்சிருக்கேன். இப்ப சொல்றதில்ல. ஏன்னு சொல்றேன், ஆனா முதல்ல அவரைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்.

அவர் பேரு சேதுபதி. இங்க சிங்கப்பூர்லயே, செம்பவாங்ல பிறந்தவரு. படிப்பு ஏறல. பத்தொம்பது வயசுல லிஃப்ட் கம்பெனியில சேர்ந்து, அறுபத்திரெண்டு வரைக்கும் அதே வேலை. பூன் லே, தெம்பனிஸ், இப்ப நாங்க இருக்கற ஈசூன்னு அவர் கை படாத அடுக்குமாடி புளோக் கிடையாது. பேச்சு கம்மி. நான் பத்து வார்த்தை பேசினா ஒரு "ம்" வரும், அதையும் நான்தான் கேட்டு வாங்கணும். குடி கிடையாது, சீட்டு கிடையாது. என் அம்மா அவரைப் பார்த்துட்டு, "மாப்பிள்ளை தங்கம், ஆனா ஊமைத் தங்கம்"னாங்க.

லிஃப்டுல ஏறும்போது காலுக்குக் கீழ ஒரு இடுக்கு இருக்கும். அதுல எது விழுந்தாலும் நேரா அடியில இருக்கற குழிக்குப் போயிரும். சாவி, தோடு, பல்செட்டு, பிள்ளைங்க கொலுசு, எல்லாம். சாவி விழுந்தா உடனே போன் பண்ணுவாங்க, இவர் எடுத்துக் குடுப்பாரு. மத்தது விழுந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது. அதையெல்லாம் கூட்டி அள்ளி ஆபீசுல குடுத்திரணும். மாசக்கணக்கா யாரும் வந்து கேட்கலன்னா குப்பைக்குப் போகும். இவர் குப்பைக்குப் போக விடமாட்டாரு. அங்க கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்துருவாரு. பிஸ்கட் டின்னு டின்னா கட்டிலுக்கு அடியில கிடக்கும். கல்யாணமான புதுசுல அதைப் பார்த்துட்டு, ஐயோ, ஒரு பிச்சைக்காரனைக் கட்டிட்டேனேன்னு அழுதிருக்கேன்.

ஏன் இப்படின்னு ரொம்ப வருஷம் சொல்லவே இல்ல. ஒரு தடவை கவிப்ரியா, எங்க ஒரே மக, சின்னப் பிள்ளையா இருக்கும்போது கேட்டா. அவகிட்ட சொன்னாரு. பூன் லேயில ஒரு பழைய புளோக். இவர் குழிக்குள்ள இருக்கறது தெரியாம யாரோ மேல ஸ்விட்ச்சைப் போட்டுட்டாங்க. லிஃப்ட் இறங்கி இவருக்கு ஒரு முழம் மேல வந்து நின்னுச்சு. ரெண்டு மணி நேரம் மல்லாக்கப் படுத்துக் கிடந்திருக்காரு. கும்மிருட்டு. கைக்கு ஒரு சாவிக்கொத்து தட்டுப்பட்டுச்சாம். ஒரு கொலுசு தட்டுப்பட்டுச்சாம். அதைப் பிடிச்சுக்கிட்டே கிடந்தேன்னாரு.

"பயமா இல்லையாப்பா?"

"தனியா இருந்தாத்தானே பயம்" அப்படின்னாரு. நான் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல.

ரிட்டயர் ஆனதும் எல்லா ஆம்பளைங்களும் கோப்பிக்கடையில போய் உட்காருவாங்க. இவர் பாம் ஷெல்ட்டருக்குள்ள போய் உட்கார்ந்தாரு. அரசாங்கம் கட்டின வீவக வீடுகள்ல இரும்புக் கதவு போட்டு, ஜன்னல் இல்லாம ஒரு சின்ன ரூம் இருக்குமே, எல்லாரும் அரிசி மூட்டையும் பழைய ஃபேனும் போட்டு வைப்போமே, அது. என் அரிசியை வெளிய எடுத்து வச்சுட்டு, கட்டிலுக்கு அடியில இருந்த டின்னுங்களை உள்ள கொண்டு போனாரு. ரெண்டு வருஷத்துல அங்க ஒரு பொம்பளை எழும்பி நின்னா.

நாலரை அடி உயரம். பின்னாடி ஒரு பலகை. உடம்பு முழுக்க சாவி, மீன் செதிள் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு. தலைமுடிக்கு லிஃப்டோட கறுப்பு ஒயரு. கழுத்துல அட்டிகை மாதிரி பழைய லிஃப்ட் பட்டனுங்க, 1, 4, 8, 11ன்னு. அந்தக் காலத்து லிஃப்ட் அந்த மாடியில மட்டுந்தான் நிக்கும். காதுல ஒரு ஹியரிங் எய்டு. வாய்க்கு யாரோ இருமினப்ப விழுந்த பல்செட்டு. நெஞ்சுல ஒரு சின்ன சிலுவை, ஒரு சீனத்துப் பச்சைக்கல், ஒரு தாயத்து, ஆஸ்பத்திரியில கைக்குழந்தைக்குக் கட்டற பட்டை. அந்தப் பட்டையை மட்டும் எனக்குப் பார்க்கவே முடியாது. அதை ஏன் யாரும் தேடி வரல?

கண்ணு மட்டும் இல்ல. ரெண்டு குழியா விட்டிருந்தாரு.

"தேக்காவுல ரெண்டு கோலிக்குண்டு வாங்கி வைங்களேன், பார்க்கப் பயமா இருக்கு" அப்படின்னேன்.

"வாங்கி வைக்கக்கூடாது. விழுந்துதான் வரணும்."

"இது என்ன, சாமியா பூதமா?"

"ஒவ்வொண்ணையும் யாரோ ஒருத்தர் ஒரு நிமிஷமாவது தேடியிருப்பாங்கல்ல. அந்தத் தேடின மனசெல்லாம் எங்க போகும்? அது நிக்கறதுக்கு ஒரு இடம்."

நான் குழிக்காரின்னு பேர் வச்சேன். அவருக்குப் பிடிக்கல. பிடிக்கலன்னா எனக்கென்ன.

ஒண்ணு சொல்லணும். எங்க புளோக் லிஃப்ட் மேல கீழ போறப்பெல்லாம் அவ மேல இருக்கற சாவிங்க லேசாக் கிணுகிணுக்கும். அவ்வளவு தடிச்ச சுவத்துக்குள்ள எப்படிங்கன்னு கேட்டா, அதிர்வும்பாரு. சரின்னு விட்டுட்டேன். ஒருநாள் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் லிஃப்டை நிறுத்திட்டு ரிப்பேர் பார்த்தாங்க. அன்னைக்கும் கிணுகிணுத்துச்சு. அவர்கிட்ட நான் சொல்லல. இரும்புக் கதவைத் தள்ளித் தாழ்ப்பாள் போட்டுட்டு, டிவியைச் சத்தமா வச்சுக்கிட்டேன்.

இப்ப என் கண்ணுக்கு வர்றேன். எனக்கு இருபது வருஷமா இனிப்பு நீர், அதான் சர்க்கரை வியாதி. இடது கண்ணு மூணு வருஷத்துக்கு முன்னாடியே மங்கிருச்சு, ஆளு நிழலு தெரியும், அவ்வளவுதான். வலது கண்ணை வச்சுத்தான் பொழைப்பு. போன மார்ச்சுல ஒருநாள் வெங்காயம் நறுக்கிக்கிட்டிருக்கேன், அந்தக் கண்ணுக்குள்ள சிவப்பா ஒரு நூலு இறங்குச்சு. மத்தியானத்துக்குள்ள திரை போட்ட மாதிரி ஆயிருச்சு. உள்ள ரத்தம் கசிஞ்சிருக்குன்னாங்க. ஊசி போட்டாங்க, கண்ணுக்குள்ளயே. டாக்டரம்மா நல்ல பொண்ணு, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஆன்ட்டி, வந்தாலும் வரும், வராமலும் போகலாம்"னா.

எனக்கு இருட்டுன்னா உயிர் போயிரும். குருடியா உட்கார்ந்து ஒருத்தர் சோறு ஊட்டறதுக்கு நான் செத்துரலாம்னு நினைச்சேன். நேரா சிராங்கூன் ரோட்டுக் காளியம்மன்கிட்ட போனேன். தாயே, இந்த ஒரு கண்ணைக் குடுத்திரு, உனக்கு ஒரு ஜோடிக் கண்மலர் கொண்டாந்து சாத்தறேன்னு வேண்டிக்கிட்டேன். கண்மலர்ங்கறது கண்ணு மாதிரி வெட்டின வெள்ளித் தகடு. அங்கயே பக்கத்துக் கடையில வாங்கினேன். தடவிப் பார்க்கும்போது என் நகம் பட்டு ஒண்ணோட முனை வளைஞ்சிருச்சு. கடைக்காரர் மாத்தித் தர்றேன்னாரு. மனசுல அம்மனுக்குன்னு நினைச்சுக் கையில எடுத்தாச்சு, அப்புறம் எப்படி மாத்தறது? வேண்டாம்னுட்டேன். ஒரு வெள்ளிக் காசோட சேர்த்து, ரவிக்கை தச்சு மிஞ்சின மஞ்சத் துணியில முடிஞ்சு கைப்பையில வச்சேன். கண்ணு தெளிஞ்ச அன்னைக்கு அவ கோயில்லதான் அவிழ்க்கணும்.

அந்த முடிச்சைத் தொலைச்சேன். எங்க விழுந்துச்சு, எப்ப விழுந்துச்சு, ஒண்ணும் தெரியல. ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து பையைத் துழாவறேன், இல்ல. எம்ஆர்டி ரயில்லயா, தேக்காவுலயா? நேர்ந்துக்கிட்டதைத் தொலைக்கறது எவ்வளவு கெட்டதுன்னு உங்களுக்குத் தெரியாததா. அம்மன் வேண்டாம்னுட்டாளோன்னு பயந்தேன். யார்கிட்டயும் மூச்சு விடல. இவர்கிட்டயும் சொல்லல.

அந்த நேரத்துலதான் கவிப்ரியா ஒரு நல்ல சேதி கொண்டு வந்தா. அவ தெம்பனிஸ்ல ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர். அவ கூட்டாளிங்க லிட்டில் இந்தியாவுல ஒரு பழைய கடைவீட்டுல கண்காட்சி வைக்கறாங்களாம். குழிக்காரியோட போட்டோவைக் காட்டியிருக்கா. நடு ரூம்ல இவளைத்தான் நிறுத்தணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்களாம். முப்பத்தாறு வருஷத்துல இவர் முகத்துல அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்ல. அன்னைக்கும் எங்க பார்த்தேன், குரல்லதான் கேட்டேன். எனக்கும் சந்தோஷம். சனியன் வீட்டை விட்டுப் போகுதேன்னு சந்தோஷம்.

போறதுக்கு ரெண்டு வாரம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலையில எழுந்து வர்றேன், சுவத்துல தினசரி காலண்டர் தெரியுது. தேதி தெரியுது. கிட்டப் போனா ராகு காலம், எமகண்டம், அடியில பொடி எழுத்துல சந்திராஷ்டமம் பூரட்டாதி. எழுத்துக்கூட்டிப் படிச்சேன், படிச்சுக்கிட்டே அழுதேன். அந்தத் தாளை நான் கிழிக்கவே இல்ல, இன்னும் வச்சிருக்கேன். "ஏங்க, தெரியுதுங்க, எல்லாம் தெரியுதுங்க"ன்னு கத்திக்கிட்டே அவரைத் தேடினேன். பாம் ஷெல்ட்டர் கதவு திறந்திருந்துச்சு. லைட் எரியுது. அவர் ஸ்டூல்ல உட்கார்ந்திருக்காரு. எனக்கு முன்னாடி குழிக்காரி நிக்கறா.

அவளுக்குக் கண்ணு வந்திருந்துச்சு.

வெள்ளிக் கண்ணு. நேரா என்னையே பார்க்குது. இடது பக்கக் கண்ணோட முனை வளைஞ்சிருந்துச்சு. என் நகம் பட்ட வளைவு, எனக்குத் தெரியாதா?

"இது எங்க இருந்துச்சு?"

"காதர் மைதீன் கொண்டாந்தான்" அப்படின்னாரு. காதர் மைதீன் இவருக்குக் கீழ வேலை கத்துக்கிட்டவரு, இப்ப அந்தக் கம்பெனியில சூப்பர்வைசர். இன்னும் யாரும் கேட்காத சாமானையெல்லாம் ஒரு பையில போட்டுக் கொண்டு வந்து குடுப்பாரு. "நம்ம புளோக் குழியிலதான் கிடந்துச்சாம்."

எனக்கு அப்பத்தான் புரிஞ்சுச்சு. லிஃப்ட் வாசல்ல நின்னு சாவி எடுத்தப்ப பையில இருந்து விழுந்திருக்கு. அம்மனுக்கு நேர்ந்தது இவகிட்ட வந்து சேர்ந்திருக்கு. வந்தது மட்டுமா? இவளுக்குக் கண்ணு வச்சதும் எனக்குக் கண்ணு வந்திருக்கு. அப்ப யார் குடுத்தது? நான் யாருக்குக் கும்பிடு போடறது? நான் விஷயத்தை உடைச்சுச் சொன்னேன். சொல்லிட்டு, "இப்பவே பிடுங்குங்க. நான் கோயிலுக்குக் கொண்டு போறேன்"னேன்.

"வேணாம் வைதேகி."

"தெரியாம வச்சுட்டீங்க, போகட்டும். எடுங்க."

"தெரிஞ்சுதான் வச்சேன்."

அவர் தரையைப் பார்த்துக்கிட்டே பேசினாரு. வாழ்க்கையில அவ்வளவு நீளமா அவர் பேசி நான் கேட்டதில்ல. மஞ்சத் துணியைப் பார்த்ததுமே என் ரவிக்கைத் துணின்னு கண்டுபிடிச்சுட்டாராம். பிரிக்காமலே உள்ள என்ன இருக்குன்னு விரலுக்குத் தெரிஞ்சிருச்சாம். உன்கிட்ட குடுத்திருப்பேன், ஆனா குழியில விழுந்து கிரீசுல ஊறினதை அம்மனுக்குச் சாத்த முடியாதுன்னு நீயே அழுவன்னாரு. ரெண்டு நாள் சட்டைப் பையில வச்சுக்கிட்டே திரிஞ்சிருக்காரு. நான் ராத்திரி தடவித் தடவி பாத்ரூம் போறதைப் பார்த்திருக்காரு.

"மேல போக வேண்டியது கீழ வந்துருச்சு. கீழ நமக்குத் தெரிஞ்சவங்கன்னு இவங்கதான் இருக்காங்க. அதான் கேட்டேன்."

"என்னன்னு கேட்டீங்க?"

அவர் அவ மேல கோணலா இருந்த ஒரு சாவியை நேராத் திருப்பி வச்சாரு.

"என்னன்னு கேட்டீங்கன்னு கேட்கறேன்ல."

"அவளுக்குக் குடு. வேணும்னா என்னோடதுல ஒண்ணை எடுத்துக்கோன்னேன்."

இந்த மனுஷனுக்குக் கிறுக்குன்னு கத்தினேன். கத்திக்கிட்டே அவர் பக்கத்துல குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, என் உள்ளங்கையால அவர் வலது கண்ணைப் பொத்தினேன். இன்னொரு கையில மூணு விரலை நீட்டினேன்.

"எத்தனை?"

"வைதேகி, விடு."

"எத்தனை விரலு?"

"ரெண்டு" அப்படின்னாரு.

கையை மாத்தி அஞ்சு விரலையும் முகத்துக்கு நேரா விரிச்சேன். அவர் சும்மா குத்துமதிப்பா மறுபடி ரெண்டுன்னாரு. அந்த இடது கண்ணு திறந்துதான் இருந்துச்சு. என் விரல் இமைக்குக் கிட்டப் போற வரைக்கும் சிமிட்டவே இல்ல. சாவிகூடக் கிணுகிணுக்கல.

ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டு ஓடினேன். ரத்தக்குழாய் அடைச்சிருச்சு, நேரம் கடந்திருச்சு, இனி வராதுன்னாங்க. எப்பலேருந்துன்னு கேட்டாங்க. வியாழக்கிழமை சாயங்காலம்னாரு. அதாவது குழிக்காரிக்குக் கண்ணை ஒட்டி முடிச்ச நேரம். இந்த வயசுல வர்றதுதான் அங்கிள்னு டாக்டர் சொன்னாரு. இருக்கலாம். நான் ஒண்ணும் சொல்ல வரல.

அடுத்த நாள் காளியம்மன் கோயிலுக்குப் போனேன். புதுசா ஒரு ஜோடிக் கண்மலர் வாங்கிக்கிட்டுப் போனேன், சொன்ன சொல்லு சொல்லுதானே. தட்டுல வச்சு அய்யர்கிட்ட குடுத்துட்டு, கையைக் கூப்பிக்கிட்டு நிக்கறேன். இவருக்குக் கண்ணைக் குடு தாயேன்னு கேட்கணும். வாய் வரல. அம்மன் முகம் நல்லாத் தெரியுது, மூக்குத்தி தெரியுது, புடவைக் கரை தெரியுது. நான் பார்க்கறது எல்லாம் இவர் குடுத்த பார்வை. அங்க நின்னு வேற யாருக்கு எதைக் கேட்கறது? கும்பிட்டதும் கும்பிடாததுமா வெளிய வந்துட்டேன்.

கண்காட்சிக்குக் கொண்டு போற நாளு வந்துச்சு. காலையில பத்து மணி. கவிப்ரியா கீழ வேனோட நிக்கறா. ரெண்டு ஆளுங்களோட காதர் மைதீனும் உதவிக்கு வந்திருந்தாரு. கண்ணைப் பிடுங்கச் சொல்லி அப்புறம் நான் கேட்கல. கேட்க எனக்குப் பயம், அதைச் சொல்ல வெட்கப்படல. குழிக்காரியைத் துணி சுத்தித் தூக்கினாங்க. இவர் வாசல் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு, "மெதுவா, மெதுவா, கழுத்துப் பக்கம் பிடிக்காதீங்க லா"ன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. லிஃப்ட் வந்துச்சு. அவளை உள்ள ஏத்தினாங்க.

அப்ப இவர், "வைதேகி, லைட் போயிருச்சா?"ன்னாரு.

காரிடார் முழுக்க வெயிலு. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கேட்டுக் கம்பியை ஒவ்வொண்ணாத் தடவிக்கிட்டிருக்காரு.

"காதர், லிஃப்டை நிறுத்துங்க" அப்படின்னேன். "கொண்டாங்க. திருப்பிக் கொண்டாங்க."

"அக்கா, கீழ வேன் நிக்குதுக்கா."

"நிக்கட்டும். உள்ள கொண்டாங்கன்னு சொல்றேன்ல."

என் குரலைக் கேட்டு அவங்க மறுபேச்சுப் பேசல. உள்ள கொண்டு வந்து பழைய இடத்துல நிறுத்தினாங்க. துணியை நானே அவிழ்த்தேன். முத முறையா அவளைத் தொட்டேன். சாவியெல்லாம் வெதுவெதுன்னு இருந்துச்சு. நான் தேத்தண்ணி போட்டு எடுத்துக்கிட்டு வந்தப்ப, இவர் கோப்பையை நேராக் கை நீட்டி வாங்கினாரு. பிரஷரா இருக்கும் அண்ணேன்னு காதர் மைதீன் சொன்னாரு. சொல்லிட்டு அந்தக் கதவுப் பக்கம் திரும்பாமலே செருப்பை மாட்டிக்கிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் அவர் எந்தப் பையும் கொண்டு வர்றதில்ல.

கவிப்ரியா மேல ஏறி வந்து குதிச்சா. ஆளுங்க காத்திருக்காங்கம்மா, போஸ்டர் அடிச்சாச்சும்மான்னா. இவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவாச் சொன்னாரு:

"போகட்டும் வைதேகி. நாலு பேரு பார்க்கணும்னு எனக்கு ஆசையா இருக்கு."

முப்பத்தாறு வருஷத்துல என்கிட்ட அவர் எனக்கு ஆசைன்னு சொன்னது அது ஒண்ணுதான்.

"நாலு பேரு பார்க்கறதுக்காக நீங்க பார்க்காம போகணுமா? முடியாது."

கவிப்ரியா ஒரு மாசம் என்கூடப் பேசல. நடு ரூம்ல வேற எதையோ வச்சாங்களாம்.

இப்ப ஆறு மாசம் ஆச்சு. அவர் ஒத்தைக் கண்ணோட பேப்பர் படிக்கறாரு, என்னைப் பார்த்து "ம்"ங்கறாரு. எதைப் பத்தியும் குறை சொல்றதில்ல. நான் தினமும் குளிச்சுட்டு பாம் ஷெல்ட்டருக்குள்ள போறேன். பூ வைக்கறதில்ல, கற்பூரம் காட்டறதில்ல. அவளுக்கு நேரா அந்த ஸ்டூல்ல உட்கார்றேன். எனக்குக் குடுத்ததை எடுத்துக்க, அவருடையதைத் திருப்பிக் குடுத்துருன்னு கேட்கணும். அதுக்குத்தான் போறேன். ஒரே ஒரு வரிதான். தினமும் தொண்டை வரைக்கும் வருது. அவளும் நான் எப்பக் கேட்பேன்னு பார்த்துக்கிட்டேதான் இருக்கா.

இன்னும் கேட்கல.